முப்பது வருஷக் கருவியும் ஒரு கரண்டி எண்ணெயும்

அன்றைக்கு மாமா வீட்டு கராஜில் இருந்தவர்கள் ஐந்து பேர். மாமா, அத்தை, அம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நான். இதில் ஆன்ட்டி பதினோரு மணிக்கு வந்து பத்து நிமிஷத்தில் போய்விட்டார். அப்பா கணக்கில் இல்லை. வேலையாக டாலஸ் போயிருந்தார். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வாரம் கழித்து, யார் செய்த வேலை இது என்ற கேள்வி எழுந்தபோது, ஐந்தில் மூன்று பேர் மீதும் ஏதோ ஒரு விதத்தில் சந்தேகம் விழுந்தது. விழாத இரண்டு பேரில் ஒருத்தி நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறவியிலேயே பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா, கராஜ் கதவு முழுக்க இறங்கியதா, ஸ்கூல் பஸ் நம்மை விட்டுவிட்டுப் போனால் யாரிடம் என்ன சொல்வது என்று எதையாவது மென்றுகொண்டே இருப்பேன். இன்றைக்கும் அதே கதைதான். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பரீட்சை ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் பாதிக் காரணம். மீதிப் பாதி இங்கே வேண்டாம். இப்போது ஒரு ஆல்டரேஷன் கடையில் பேண்ட்டுக்கு மடிப்படித்துப் பிழைக்கிறேன். ஊசிகளை எண்ணிப் பார்க்காமல் ஒரு நாளும் கடையைப் பூட்டியதில்லை.

ஹூஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கி இரண்டு சிக்னல் தாண்டினால், ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்த மாதிரி வீடுகள் வரும். அதில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. மாமா படித்து டேட்டாபேஸ் பக்கம் போய்விட்டார் என்றாலும் பட்டறை அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் எடை பார்ப்பார். பிறகு நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். பிறகு, “இது எத்தன வருசத்துக்கு வரும்?” என்பார். பல் டாக்டர் அவருக்குப் பல்லை அடைத்து முடித்ததும், வாயில் பஞ்சோடு மாமா அவரிடமும் அதையே கேட்டார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் அத்தை நிறையத் தூங்கினாள். அப்படித்தான் எனக்குத் தெரியும். அத்தைக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடாதே என்பார்கள். மாடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு சின்ன அறையை யாரும் திறப்பதில்லை. அத்தை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். இரண்டு தடவையும் அம்மா ஒரு வாரம் அங்கேயே தங்கிச் சோறாக்கிப் போட்டாள். நான் ஏதாவது கேட்டால் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணிப்பார்கள். அந்த வருஷம் நான் நன்றாகப் பெருத்தேன்.

அத்தையைப் படுக்கையிலிருந்து எழுப்பியது மாமாவோ டாக்டரோ இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அறுபது தாண்டியவர், டெக்ஸாஸ்காரர், தனி ஆள். வேலிப் பக்கம் வெறுமனே உட்கார்ந்திருந்த அத்தையை ஒரு நாள் எட்டிப் பார்த்து, சனிக்கிழமை சும்மா இருந்தால் என்னோடு துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்கு வா, குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொள், அந்த ஒரு நிமிஷம் வேறு எதையும் யோசிக்க முடியாது என்றிருக்கிறார். எல்லாருக்கும் கிரீன் கார்டு வந்திருந்த வருஷம் அது. அப்படியும் இதெல்லாம் சட்டப்படிதானா என்று அம்மா மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்தாள். மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பொண்டாட்டி சனிக்கிழமை காலையில் தானாக எழுந்து தலைசீவிக்கொண்டதைப் பார்த்து, அவள் நிலாவுக்குப் போகிறேன் என்றாலும் கார் ஓட்டத் தயாராக இருந்தார்.

சுட ஆரம்பித்ததும் தோட்டாச் செலவு வந்தது. செலவு வந்ததும் மாமாவின் மூளை விழித்துக்கொண்டது. சுட்டு முடித்தபின் மிஞ்சுவது ஒரு பித்தளைக் கூடு. அதைத் தூக்கி எறியாமல் கழுவித் துடைத்து, அடியில் புதிதாக ஒரு கேப் பதித்து, வெடிமருந்து போட்டு, மேலே குண்டு வைத்து இறுக்கினால் மறுபடி தோட்டா. இந்தப் பக்கம் பலருக்கு இது வார இறுதி வேலை. நம் ஆட்கள் வடகம் போடுகிற மாதிரி. கேப் என்றால் தீபாவளித் துப்பாக்கிக்கு வைக்கிற கேப்பின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுத்தம்பருப்பு அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணி. பிரைமர் என்பார்கள். துப்பாக்கியின் ஊசி தட்டும்போது அது பற்றினால்தான் உள்ளே இருக்கும் மருந்து பற்றும். அது பற்றாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பித்தளை.

அந்தப் பிரைமரைக் கூட்டுக்குள் பதிக்கத்தான் கைக்கருவி. மேலே பிரைமர்களைக் கொட்டி வைக்க ஒரு வட்டத் தட்டு, கீழே ஒரு பிடி. கூட்டைச் செருகி, பிடியை உள்ளங்கையால் அழுத்தினால் பிரைமர் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறு தோட்டாவுக்கு நூறு அழுத்தல். மெஷினிலும் செய்யலாம். ஆனால் கையால் செய்தால்தான் அது சரியாக உட்கார்ந்ததா என்று விரலுக்குத் தெரியும் என்பது ஆன்ட்டியின் கட்சி.

மாமா புத்தம் புதிதாக ஒன்று வாங்கினார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, பிடி வளைகிற இடத்தில் விரிசல் விட்டு, ஒரு நாள் அத்தையின் கையிலேயே இரண்டாக உடைந்தது. அந்தத் துண்டுகளை மாமா தூக்கிப் போடவில்லை. கராஜ் அலமாரியில் கோர்ட்டுக்குப் போகிற சாட்சி மாதிரி வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

“பாருங்க, வார்ப்புக்குள்ள எத்தன ஓட்டை! இட்லி மாதிரி இருக்குது. இத எங்கப்பன் பட்டறையில செஞ்சு குடுத்திருந்தா மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பாரு.”

“வாங்கறப்ப சுண்டிப் பாத்தியாடா?” என்பாள் அம்மா.

“ஆன்லைன்ல வாங்குனதுக்கா. எங்க சுண்டறது, ஸ்க்ரீனையா?”

“அதானே. என்ற கிரைண்டரு பதினெட்டு வருசமா ஓடுது. நான் கல்லைத் தட்டிப் பாத்து வாங்குனேன்.”

அதற்கப்புறம்தான், எங்கள் கதையின் சனிக்கிழமையன்று பதினோரு மணிக்கு, ஆன்ட்டி தன்னுடைய கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருஷமாக அவர் கையில் இருந்தது. பிடியின் பெயின்ட் போய் உலோகம் தேய்ந்து கண்ணாடியாக மின்னியது. மாமா அதை வாங்கி எடை பார்த்தார். சுண்டினார். காதருகில் வைத்துக் கேட்டார். கோயிலில் திருநீறு வாங்குகிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம். ஆன்ட்டி அத்தையிடம் மட்டும் ஏதோ தாழ்ந்த குரலில் இரண்டு விஷயம் சொல்லி, நூறு பிரைமர் உள்ள ஒரு பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். கடைகளில் பிரைமரே கிடைக்காத நேரம் அது. தன்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்.

அவர் சொன்ன இரண்டில் ஒன்று, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தொடு என்பது. இன்னொன்று, எண்ணெய்ப் பசை இதன் பக்கத்திலேயே வரக்கூடாது என்பது. அத்தை அதை யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. கராஜில் உட்கார்ந்திருக்கும் போது யார் எண்ணெயோடு வரப் போகிறார்கள்?

அத்தை வேலையை ஆரம்பித்தாள். முதல் இருபது சுலபமாகப் போனது. பிறகு பிடி கனக்கத் தொடங்கியது. ரொம்ப நாள் உபயோகிக்காமல் இருந்ததோ என்னவோ, ஒவ்வொரு அழுத்தலுக்கும் க்ரீச் என்றது. நாற்பதைத் தொட்டபோது அத்தையின் உள்ளங்கை செங்கல் நிறத்தில் இருந்தது. கையை உதறினாள். கருவியை மேஜையில் வைத்தாள்.

“முடியல அண்ணி. கையில தெம்பே இல்ல. வெச்சிரலாம்.”

“சோத்தைத் தின்னு அம்மிணி, தெம்பு தானா வரும்,” என்றாள் அம்மா. “அரிசிம்பருப்பு ஆறிப்போச்சு பாரு.”

மாமா மட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கருவியின் ஓர் ஆணியை அரைச் சுற்று இறுக்கி, பழையபடி அரைச் சுற்றுத் தளர்த்தி, “இப்ப பாரு, சரியாயிரும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எல்லாரும் உள்ளே போனார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘வெச்சிரலாம்’ என்று அத்தை சொன்ன குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு அடுத்தபடி மாடிப்படி, அதற்கடுத்தபடி ஜன்னல் திரை. மறுபடி எல்லாரும் கிசுகிசுவென்று பேசுவார்கள். மறுபடி பிஸ்கட். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் எது க்ரீச் என்றாலும் மருந்து ஒன்றுதான். முறுக்கு உரலின் பிடி, கதவின் கீல், சூட்கேஸ் ஜிப், என் சைக்கிள் செயின், என் தலை, எல்லாவற்றுக்கும் அம்மா தேங்காய் எண்ணெய்தான் விடுவாள். எதுவும் அதற்கு மசியாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், கருவியின் மூட்டில் ஊற்றினேன். டெக்ஸாஸ் வெயிலில் எண்ணெய் தண்ணீராக இருந்தது. நான் நினைத்ததைவிட அதிகம் போய்விட்டது. கருவி சாய்ந்தது. மிச்சம் மேலே தட்டுக்குள் ஓடி, அங்கே இருந்த அறுபது பிரைமர்களையும் குளிப்பாட்டியது. கவுனால் துடைத்தேன். துடைத்தபின் பிரைமர்கள் முன்பைவிடப் பளபளவென்று இருந்தன. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவை வெடிக்கிற சாமான், ஒரு குழந்தை கை வைக்கவே கூடாத சாமான் என்பதை இப்போது நினைத்தாலும் கடை ஊசிகளை இன்னொரு தடவை எண்ணிவிட்டு வருவேன். அன்றைக்கு, எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படவில்லை.

சாப்பிட்டு வந்து அத்தை பிடியை அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினாள். கண்ணை விரித்து மாமாவைப் பார்த்தாள்.

“ஏனுங்க, வழவழன்னு போகுதுங்க!”

“பின்ன?” என்றார் மாமா. “பட்டறைக்காரன் மகன் கை வெச்சிருக்கேன். அரைச் சுத்து. அவ்வளவுதான் கணக்கு. அது தெரியாமத்தான் கம்பெனிக்காரன் புதுசு புதுசாப் பண்றான்.”

“போதும் உன்ற பெருமை, மோரைக் குடி,” என்றாள் அம்மா.

வாடை யாருக்கும் தெரியவில்லை. தெரியாது. அந்த கராஜில் இருந்த நான்கு தலைகளிலும் அதே எண்ணெய்தான்.

நான் சொல்லியிருக்கலாம். முதலில், கேட்காமல் தொட்டதற்கு அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு அத்தை நிறுத்தாமல் அறுபதையும் முடித்துவிட்டுச் செய்த காரியத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவே இல்லை. கடைசிக் கூட்டை வரிசையில் வைத்துவிட்டு, தட்டைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

“ரெண்டு வாரத்துல மேட்ச் இருக்குதாம். ஆன்ட்டி கூப்புட்டாங்க. நானும் பேர் குடுக்கட்டுமா?”

மாமா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. அம்மா காரணமே இல்லாமல் என் தொடையைக் கிள்ளினாள். ஒரு வருஷமாக அத்தை இது வேண்டும், அது செய்யட்டுமா என்று ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. ஊருக்குப் போகலாமா என்றால் உங்க இஷ்டம், என்ன சமைக்க என்றால் உங்க இஷ்டம்.

“குடு, குடு,” என்றார் மாமா. “இப்பவே குடு.”

அந்த வாரம் ஆன்ட்டி வீட்டு மெஷினில் அத்தை மருந்தும் குண்டும் வைத்து முடித்தாள். மாமா ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, அரைச் சுற்றின் மகிமையை ஃபோனில் யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. என் எண்ணெய்க்கு அவர் பேர் வாங்குகிறாரே!

அடுத்த சனிக்கிழமை, மேட்ச்சுக்கு முன்னால் ஒரு ஒத்திகையாக எல்லாரும் ரேஞ்சுக்குப் போனோம். அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தாள். வெட்டவெளி, தகரக் கூரை, மர பெஞ்சுகள், தூரத்தில் வெள்ளைக் காகிதங்கள். எல்லார் காதிலும் பெரிய மூடிகள். எனக்குக் காதும் கன்னமும் சேர்ந்து மூடிவிட்டன. அத்தை உட்கார்ந்து, தோளில் துப்பாக்கியைச் சேர்த்து, மூச்சைப் பிடித்தாள். முதல் மூன்று வெடித்தன. ஆன்ட்டி தொலைநோக்கியில் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான்காவது, டிக் என்றது. அவ்வளவுதான்.

ஆன்ட்டி கையை உயர்த்தினார். அசையாதே, குழலை இலக்கை விட்டுத் திருப்பாதே என்று சொல்லிவிட்டு, முப்பது வரை உரக்க எண்ணினார். தாமதமாக வெடித்துவிடலாம் என்பதற்காக. நானும் கூடவே எண்ணினேன், தமிழில், அவரைவிட வேகமாக. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே எடுத்து வைத்தார்கள். அடுத்தது, டிக். முப்பது. அடுத்தது வெடித்தது. அடுத்தது டிக், அதற்கடுத்தது டிக். ஒவ்வொரு முப்பதிலும் அத்தையின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

“முப்பது வருசம் ஓடுனது,” என்று மாமா தொண்டையைக் கனைத்தார். “தேய்மானம்னு ஒண்ணு இருக்குதில்ல. பதிக்கறது ஆழம் பத்தாமப் போயிருக்கும்.”

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் கருவியைக் குறை சொல்கிறார்கள் என்பது எந்த மொழியிலும் புரியும். வெடிக்காத தோட்டா ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிரைமர் சரியான ஆழத்தில்தான் இருக்கிறது, ஊசியும் நன்றாகத்தான் தட்டியிருக்கிறது, கருவியில் யாராவது கை வைத்தீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அரைச் சுற்றை மாமா அந்த நிமிஷம் மறந்துவிட்டார். ஷூவைப் பார்த்தார். அம்மா விடவில்லை.

“சொல்லேன்டா, பட்டறைக்காரன் மகன் கை வெச்சேன்னு.”

“அக்கா, சித்த சும்மா இரு.”

“அவர எதுக்கு அண்ணி சொல்றீங்க,” என்றாள் அத்தை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, உறையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். சத்தம் போட்டுப் பேசவில்லை. சொன்ன விதம் கடைச் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரி இருந்தது. “நல்ல கருவிங்க அது. முப்பது வருசம் ஒரு கொறையும் இல்லாம இருந்துச்சு. என்ற கைக்கு வந்து ஒரே வாரத்துல போச்சு. எங்கிட்ட வந்தது எதுதான் தங்குச்சு? விடுங்க. பேரை எடுத்துரச் சொல்லிரலாம். வாங்க போலாம்.”

மாமா பெஞ்சில் கிடந்த காலிக் கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு புளிசாத டப்பாவின் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி அது.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தை மாடிக்குப் போகப் போகிறாள். காது மூடியைக் கழற்றினேன். கழற்றக் கூடாது என்று ஆன்ட்டி சத்தம் போட்டார். மறுபடி மாட்டிக்கொண்டேன். அதனால் நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கூரைக்கடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

“தேங்காண்ண ஊத்துனேன்!”

“என்னடி?” என்றாள் அம்மா.

“அந்தக் கருவியில. தேங்காண்ண. நாந்தான் ஊத்துனேன். நீங்கெல்லாம் சாப்புடறப்ப.”

“எந்த எண்ணெய்? தலைக்கு வெக்கறதா, சமையலுக்கா?”

அந்த நேரத்தில் அது ஏன் முக்கியம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதிர்ச்சியில் மனிதர்களுக்குச் சின்னக் கேள்விதான் வரும் போலிருக்கிறது. தலைக்கு வைப்பது என்றேன். எவ்வளவு என்றாள். ஒரு கரண்டி என்றேன். எந்தக் கரண்டி, ரசக் கரண்டியா, சாம்பார்க் கரண்டியா என்று கேட்டபடியே அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கையைப் பிடித்தது அத்தை. என் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

“கண்ணு, நெசமாவா? நீயா ஊத்துன?”

“ஆமாங்க அத்தை.”

“தட்டுலயும் ஊத்துனியா?”

“தானா ஓடிருச்சுங்க.”

“நாஞ் செஞ்சதுல ஒண்ணுமில்லையா? எண்ணெய்தானா?”

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். மாமா இதற்குள் ஆன்ட்டிக்கு விஷயத்தை மொழிபெயர்த்துவிட்டார். ஆன்ட்டி அந்தத் தோட்டாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். புருவம் ஏறியது. எண்ணெய் பட்டால் பிரைமர் செத்துவிடும், நான்தான் உன்னிடம் சொன்னேனே என்று அத்தையைப் பார்த்தார். பிறகு, முப்பது வருஷத்தில் இதன்மேல் மழை பெய்திருக்கிறது, என் மகன் இதன்மேல் டிரக்கை ஏற்றியிருக்கிறான், ஆனால் இதற்கு யாரும் தலை தேய்த்துவிட்டதில்லை என்றார்.

அத்தை சரளைக்கல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பெரிதாக அழுதேன். அழவில்லை. சிரித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு மூச்சு முட்டி, மாமாவின் பேண்ட்டைப் பிடித்து இழுத்து, “ஏனுங்க, என்ற கையில்லீங்க! தேங்காண்ணையாமுங்க!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டினார். “ஆமா, உன்ற கையில்ல. உன்ற கையில ஒரு தப்பும் இல்ல,” என்று அவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு நகர்ந்து நின்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் செய்த நாற்பதும் தனி டப்பாவில் இருந்தது. அதிலிருந்து பத்தை எடுத்து ஆன்ட்டி பெஞ்சில் வரிசையாக நிற்க வைத்தார். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தும் வெடித்தன. மாமா ஒவ்வொன்றுக்கும் சத்தமாக எண்ணினார், ஏலம் விடுகிறவர் மாதிரி.

வீட்டுக்கு வந்து மாமா அந்தக் கருவியைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகக் கழுவி, துணியில் பரப்பிக் காயவைத்தார். எங்கேயும் விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை. ஆணியில் கை வைக்கவே இல்லை. அத்தை அதற்கடுத்த சனிக்கிழமை மேட்ச்சில் பதினான்கு பேரில் ஒன்பதாவதாக வந்தாள். மாமா அந்த ஒன்பதைச் சொன்ன தோரணையில், முதல் எட்டுப் பேர் ஏதோ தப்புச் செய்து முன்னால் போய்விட்டார்கள் போல இருந்தது. ஆன்ட்டி பிறகு மகனோடு அரிசோனாவுக்குப் போனபோது கருவியை அத்தைக்கே விட்டுவிட்டுப் போனார். இன்றும் சனிக்கிழமைகளில் அது வேலை செய்கிறது.

ரொம்ப நாள் வரைக்கும், தேங்காய் எண்ணெய்தான் அத்தையைச் சிரிக்க வைத்தது என்று நினைத்திருந்தேன். எண்ணெய் அவ்வளவு பெரிய தமாஷ் போலிருக்கிறது என்று, கொஞ்ச காலம் அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் தேங்காய் எண்ணெய் என்று சொல்லிப் பார்ப்பேன். அவளும் சிரிப்பாள், என்னைத் திருப்திப்படுத்த. ஒரு வருஷமாக அத்தை தன் உடம்பையும் கையையும் எதற்கெல்லாம் குற்றவாளியாக்கி வைத்திருந்தாள், அந்த மஞ்சள் அறைக்கு வரவேண்டியவர்கள் இரண்டு பேர் ஏன் வரவில்லை, ‘எங்கிட்ட வந்தது எதுதான் தங்குச்சு’ என்று அவள் கேட்டது உண்மையில் எதைப் பற்றி என்பதெல்லாம் எனக்குப் பதினெட்டு வயதில், கடையில் ஒரு கவுனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று விளங்கியது. கெட்டுப்போன ஒரு காரியம் தன்னால் கெடவில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க அவள் அவ்வளவு தூரம் காத்திருந்திருக்கிறாள். அதைச் சொல்ல டாக்டருக்குத் தெரிந்திருந்தது, மாமாவுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் சொன்னது அவளுக்குள் போகவில்லை. நான் அடிக்குப் பயந்து அழுதுகொண்டே சொன்னது போனது.

கெட்டுப்போன பிரைமர்களுக்கு ஒரு தண்டனை வேண்டும் என்று ஆன்ட்டி என்மேல் நான்கு டாலர் விதித்தார். குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு இழுத்து வைக்க அம்மா வாரம் ஒரு குவார்ட்டர், அதாவது இருபத்தைந்து சென்ட், தருவாள்; அதைச் சனிக்கிழமை தோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பதாவது வாரம் அத்தை என்னை வழியில் மறித்து, மீதியைத் தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொல் என்றாள். ஆன்ட்டியும் எழுதிக்கொண்டார். ஆனால் அவள் கொடுக்கவில்லை. ஆன்ட்டி அரிசோனாவுக்குக் கிளம்பிய அன்றும் கொடுக்கவில்லை. எனக்கோ பாக்கி என்றாலே தூக்கம் வராது. போன மாதம்கூட, ஆன்ட்டிக்குப் பணத்தை அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். “சும்மா இரு கண்ணு,” என்றாள் அத்தை. “மாசம் ஒருக்கா அவங்க அந்தக் காசக் கேட்டு ஃபோன் பண்றாங்க, நான் தரமாட்டேங்கறேன், ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சிரிக்கறோம். அதக் கெடுத்துப்போடாத.”

ஆக, இன்றைய தேதிக்குப் பாக்கி ஒரு டாலர் எழுபத்தைந்து சென்ட்.